யாழ்மரம் தேர்ந்த கதை

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே, பெருஞ்சாலையை விட்டுச் சற்று ஒதுங்கிக் கிடக்கும் ஊர் மேல்சித்தாமூர். தமிழ்நாட்டுச் சமணர்களின் தலைமை மடம் அங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலின் கோபுரம் தொலைவிலேயே கண்ணிற் படும். அதனினும் பழமையானது மலைநாதர் கோயில். அங்கே தனிப்பாறை ஒன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அப்பாறையின் முன் ஒரு நாள் நான் நெடுநேரம் நின்றேன். நம் சிற்பிகள் உளியை ஊன்றுமுன் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலிக்கும் கல்லைக் கொள்வார்கள், ஒலி மழுங்கிய கல்லைத் தள்ளுவார்கள். கல்லுக்கே இத்தனை தேர்வு வேண்டுமானால், ஒலிப்பதற்கென்றே பிறக்கும் இசைக்கருவிக்கு எத்தனை தேர்வு வேண்டும்! இவ்வெண்ணம் என்னைச் சீவக சிந்தாமணிக்கு அழைத்துச் சென்றது.

சிந்தாமணி சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய பெருங்காப்பியம். அதன் மூன்றாம் இலம்பகம் காந்தருவதத்தையார் இலம்பகம். வித்தியாதர மன்னன் கலுழவேகனின் மகள் தத்தை. யாழிசையில் தன்னை வெல்பவனையே மணப்பதென்பது ஏற்பாடு. மன்னர் பலர் வந்து தோற்கின்றனர். பின்னர்ச் சீவகன் அவைக்கு வருகிறான். அவனிடம் யாழ்களை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து காட்டுகின்றனர். அவன் உடனே வாசிக்கத் தொடங்கவில்லை. ஒன்றைப் பார்த்து, நீரில் நின்று இளகிய மரம் என்று விலக்குகிறான். மற்றொன்று வாளால் வெட்டுப்பட்ட மரம். வேறொன்று இடியேறுண்ட மரம். அவையும் விலக்கப்படுகின்றன. குற்றமற்ற யாழ் கிடைத்த பின்னரே பாடுகிறான், வெல்கிறான். ஆகவே அப்போட்டியின் முதற்பாதி, இசை எழுவதற்கு முன்பே, மரத்தைத் தேர்வதில் முடிந்துவிட்டது எனலாம்.

இது புலவரின் கற்பனை அழகு மட்டுந்தானா? அன்று. மரம் நுண்ணிய நார்களின் கட்டு. அதிர்வு நாரின் வழியே ஓடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் நார் அறுபடுகிறது. அங்கே அதிர்வும் தடைப்படுகிறது. இடி விழுந்த மரத்தின் உள்ளே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் இருக்கும். நெடுநாள் நீரில் ஊறிய மரம் தளர்ந்துவிடும். தளர்ந்த மரம் ஒலியை விழுங்கும். பழைய உரைகள் அழுகல், வேதல், இடிவீழ்தல் முதலியவற்றை மரத்தின் குற்றங்களாகவும், கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு ஆகிய நான்கை நரம்பின் குற்றங்களாகவும் கூறுகின்றன. யாழுக்குரிய மரங்கள் கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என ஐந்து. இவற்றுள் முதல் இரண்டும் வன்மரங்கள். நரம்பின் இழுப்பைத் தாங்கும் கோட்டுக்கு ஏற்றவை. மற்ற மூன்றும் மென்மரங்கள். நரம்பின் அசைவை வாங்கிப் பெருக்கும் பத்தருக்கு ஏற்றவை. தாங்கும் உறுப்புக்கு வன்மையும், அதிரும் உறுப்புக்கு மென்மையும் வேண்டும் என்ற இந்த ஒரு விதியை நினைவில் வையுங்கள். பின்னர் வரும் கருவிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

நான் கல்லூரியிற் பயின்ற நாளில் இவ்விதியை அறியாமல் ஒரு வீணை வாங்கினேன். விலை குறைவு, மெருகு கண்ணைப் பறித்தது. கோடை வந்தது. ஓர் இரவு ‘படீர்’ என்று ஒலி கேட்டு எழுந்தேன். குடத்தின் மேற்பலகை நீளவாக்கில் வெடித்திருந்தது. ஈரம் உலராத மரத்தை அவசரத்தில் கடைந்திருக்கிறார்கள். தந்தையார் சேர்த்து வைத்துத் தந்த பணம் அது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தட்டிப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். சீவகனின் கதையை நான் உண்மையாகப் படித்தது அதன் பிறகுதான்.

இனி வீணையைப் பார்ப்போம். தஞ்சாவூர் வீணை இன்று நாம் காணும் வடிவத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் பெற்றது என்பர். அதற்குரிய மரம் பலா. விழுப்புரத்தை அடுத்துள்ள பண்ருட்டியிலிருந்து தஞ்சைக்குப் பலாமரம் போகிறது. ஒரே மரத்தில் முழுவதும் குடைந்து செய்வது ஏகாண்ட வீணை; குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. முன்னதில் மூட்டு இல்லை. ஆனால் பெரிய, பழுதற்ற மரம் வேண்டும். பின்னதில் மரம் எளிதிற் கிடைக்கும். ஆனால் மூட்டு நன்கு பொருந்த வேண்டும். எதைப் பெற எதை விடுவது என்பதே கைவினைஞன் முன் நிற்கும் கேள்வி. தண்டியின்மேல் மெழுகு பரப்பி 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். தந்தியின் நீளம் பாதியானால் ஒலியின் அதிர்வெண் இரு மடங்காகும். ஆதலின் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவிலும், இருபத்துநான்காம் மெட்டு முக்கால் தொலைவிலும் அமைகின்றன. மெழுகில் பதிப்பதனால் மெட்டை நுட்பமாக நகர்த்திச் சுருதியைச் செவியால் சரிசெய்யவும் இயல்கிறது. இவ்வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

கித்தாரிலும் பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில்தான் நிற்கிறது. இயற்கையின் விதி கடல் கடந்தாலும் மாறுவதில்லை அல்லவா! அக்கருவிக்கு இன்றைய உருவம் தந்தவர்களுள் தலைசிறந்தவர் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அந்தோனியோ தெ தோரெஸ். 1817இல் பிறந்து 1892இல் மறைந்தவர். கித்தாரின் ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை மெய்ப்பிக்க, 1862இல் அவர் ஒரு கருவி செய்தார். மேற்பலகை மட்டும் நல்ல மரம். பக்கங்களும் பின்புறமும் காகிதக்கூழ் அட்டை! இனிய ஒலிக்கு முதற்காரணம் மேற்பலகையே என்பதை அக்கருவி எடுத்துக் காட்டியது.

அந்த மேற்பலகைதான் கித்தார் செய்வோனுக்குப் பெருஞ்சோதனை. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடையளவுக்கு இழுக்கின்றன. பலகை தடித்தால் இழுப்பைத் தாங்கும், ஆனால் ஊமையாகும். மெலிந்தால் பாடும், ஆனால் வளைந்து முறியும். ஆதலின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பலகையை இழைத்து, அதன் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். தோரெஸ் அவற்றை விசிறிபோல் பரப்பினார். எஃகுத் தந்திக்கு அமெரிக்கர் குறுக்காகப் பின்னிய சட்டங்களைக் கொண்டனர். மேற்பலகைக்கு ஊசியிலை மரம். விரல் பலகைக்குக் கருங்காலி. பின்புறத்துக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். யாழோர் கண்ட விதி இங்கும் அப்படியே விளங்குகிறது. ஈட்டியினத்து மரங்கள் அருகிவிட்டமையால், 2017இல் அவற்றின் பன்னாட்டு வாணிகம் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குத் தரப்பட்டது. ஆகவே எந்த மரம் இனிமை தரும் என்று மட்டுமன்றி, எந்த மரம் காட்டில் எஞ்சியிருக்கிறது என்றும் இன்றைய கைவினைஞன் எண்ண வேண்டியவனாகிறான்.

நிற்க. இத்தனை நுட்பமாகத் தேர்ந்து செய்த யாழ் எங்கே? பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கை தெரிகிறது. ஆனால் அக்காலத்து யாழ் ஒன்றுகூட நம் கைக்கு எட்டவில்லை. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலோ ஒரே தந்தியை மெட்டின்மேல் இழுத்துப் பல நுண்சுரங்களைக் காட்டலாம். கமகம் சிறந்த இசைக்கு வீணை ஏற்றதாயிற்று, யாழ் ஒதுங்கிற்று. செய்வித்துக் கொள்வார் இல்லாதபோது செய்வாரும் இல்லாது போயினர். மரம் செல்லரித்தது, கைத்திறனும் அதனோடு மறைந்தது.

எஞ்சியது சொல். ஓலை நைந்து போகுமுன் மறு ஓலையில் படியெடுத்த கைகள் அதனைக் காத்தன. சமணக் குடும்பங்கள் சிந்தாமணியை வழிவழியாகப் பாடங்கேட்டு வந்தன. உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயங்களைத் தெளிந்துகொண்டு, 1887இல் அந்நூலை அச்சிட்டார். இத்தகைய நூல்களையும் உரைகளையும் துணைக்கொண்டு, விபுலானந்த அடிகள் யாழின் அமைப்பையும் இசைக் கணக்கையும் ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். சுவடியைப் பேணியவர் ஒருவர் சோம்பியிருந்தால், சீவகன் விலக்கிய மரங்களின் குற்றமும் நமக்குத் தெரிந்திராது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் வீணை பயில்வீர்கள். பலர் கித்தாரை விரும்புவீர்கள். இரண்டும் நல்லவையே. கடைக்குச் செல்லும்போது மெருகைப் பார்த்து மயங்காதீர்கள். மரம் எது, எத்தனை காலம் உலர்ந்தது, நார் நேராக ஓடுகிறதா என்று கேளுங்கள். செய்பவரைக் காண முடிந்தால் அவர் பட்டறையிலேயே சிறிது நேரம் அமருங்கள். அவர் ஏன் ஒரு பலகையை எடுத்து மற்றொன்றை ஒதுக்குகிறார் என்று கவனித்து, அதைக் குறித்து வையுங்கள். அக்குறிப்பு அவருடைய கைத்திறனுக்கு ஒரு படியோலை ஆகும். வாங்குமுன் விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். என் தந்தையார் கேட்ட கேள்விக்கு நீங்களாவது ‘ஆம்’ என்று விடை கூறலாம்.