அச்சு வழங்கி

அச்சு வழங்கி என்பது ஒரு வலையமைப்பிலுள்ள பல கணினிகளிடமிருந்து அச்சுப் பணிகளைப் பெற்று, வரிசைப்படுத்தி, அச்சுப்பொறிகளுக்கு அனுப்பும் கணினி அல்லது கருவி ஆகும். அச்சுப்பொறியைப் பகிர்வது மட்டுமே இதன் வேலையன்று. எப்பணி முதலில் அச்சாக வேண்டும், அச்சுப்பொறி நின்றுவிட்டால் காத்திருக்கும் பணிகளை என்ன செய்வது, யார் அச்சிடலாம் என்பனவற்றையும் இதுவே தீர்மானிக்கின்றது.

தேவை

விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம் பஞ்சாலைகளுக்கும், அதனை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவத் துணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. இவ்வூர்களிலும், திருவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் போன்ற அண்மை ஊர்களிலும் உள்ள சிறு அலுவலகம் ஒன்றுக்கு நான்கைந்து கணினிகளும், கார்பன் படியுடன் பட்டியல் அச்சிட ஒரு டாட் மேட்ரிக்ஸ் பொறியும், கடிதங்களுக்கு ஒரு லேசர் பொறியும் போதுமானவை. அச்சுப்பொறி ஒருவருடைய கணினியில் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், அவர் கணினியை அணைத்தவுடன் மற்றவர்களால் அச்சிட இயலாது. மேலும், யுஎஸ்பி 2.0 கம்பியின் நீளம் 5 மீட்டருக்குள் இருத்தல் வேண்டும். ஈதர்நெட் கம்பியோ 100 மீட்டர் வரை செல்லும்.

வரலாறு

யுனிக்சு கணினிகளில் பயன்பட்ட எல்பிடி நெறிமுறை 1990-இல் ஆர்எப்சி 1179 என்னும் ஆவணமாக வெளியானது. இது 515-ஆம் போர்ட்டைப் பயன்படுத்துகின்றது. அதற்கு மாற்றாக, 631-ஆம் போர்ட்டில் இயங்கும் ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறை 1999-இல் வெளியானது. அதே ஆண்டில் மைக்கேல் சுவீட்டின் நிறுவனம் கப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2002-இல் அதைத் தன் இயங்குதளத்தில் சேர்த்து, 2007-இல் அதன் மூலநிரலின் உரிமையை வாங்கியது. 2020 முதல் ஓப்பன்பிரிண்டிங் குழு அதன் வளர்ச்சிப் பணியைத் தொடர்கின்றது.

வகைகள்

* அச்சுப்பொறியினுள்ளேயே அமைந்த வலையமைப்பு அட்டை
* அச்சுப்பொறியுடன் யுஎஸ்பி வழி இணைக்கப்படும் தனிச் சிறு கருவி
* இப்பணிக்கென ஒதுக்கப்பட்ட கணினி. பழைய மேசைக் கணினி அல்லது ராசுபெரி பை போன்ற சிறு கணினியே இதற்குப் போதுமானது.

முதலிரண்டும் எளியவை. எனினும் பணிகளைச் சேமித்து வைத்தல், பயனர் வாரியாகக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றில் மூன்றாவது வகையே கூடுதல் வசதி உடையது.

அமைக்கும் முறை

லினக்ஸ் கணினியை அச்சு வழங்கியாக மாற்றும் படிகள் பின்வருமாறு:

1. வழங்கிக்கு மாறாத ஐபி முகவரி அளிக்க வேண்டும். முகவரி மாறினால் பிற கணினிகளால் அதனைக் கண்டறிய இயலாமல் போகலாம்.
2. கப்ஸ் மென்பொருளை நிறுவி, நிருவாகிக்கு அச்சு நிருவாக உரிமை அளிக்க வேண்டும்.
3. உலாவியில் 631-ஆம் போர்ட்டைத் திறந்து, அச்சுப்பொறியைச் சேர்த்து, உரிய இயக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. பகிர்வை இயக்கி, தீச்சுவரில் அலுவலக வலையமைப்பை மட்டும் அனுமதிக்க வேண்டும்.
5. விண்டோஸ் கணினிகளில் ஐபிபி வழியாகவோ, சம்பா மென்பொருள் வழியாகவோ அச்சுப்பொறியைச் சேர்க்க வேண்டும்.
6. ஒவ்வொரு கணினியிலிருந்தும் சோதனைப் பக்கம் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழில் அச்சிடல்

டாட் மேட்ரிக்ஸ் பொறிகள் ஆங்கில எழுத்துகளைத் தம்முள்ளேயே கொண்டுள்ளதால், வெறும் உரையை விரைவாக அச்சிடுகின்றன. தமிழ் எழுத்துகள் பொதுவாக அவற்றில் இல்லை. மேலும் ஒருங்குறியில் "கெ" என்பது ககரத்தை முதலிலும் எகரக் குறியை அடுத்தும் கொண்டு சேமிக்கப்படுகின்றது. தாளில் இவ்வரிசை மாற வேண்டும். ஆகவே தமிழ்ப் பக்கம் கணினியிலேயே படமாக மாற்றப்பட்ட பின்னரே பொறிக்குச் செல்ல வேண்டும். இதனால் வேகம் குறையும். ஒரே பொறிக்கு ஆங்கிலப் பட்டியல்களுக்கு ஒன்றும், தமிழ் ஆவணங்களுக்கு ஒன்றுமாக இரு வரிசைகள் அமைப்பது நலம்.

பழைய டிஸ்கி, டாப் குறியாக்க ஆவணங்களை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து அச்சிட்டால் பொருளற்ற குறிகளே கிடைக்கும். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎப் கோப்பாக அனுப்பினால் இச்சிக்கல் எழாது.

மின்தடை

அச்சுப்பொறியில் பிழை நேர்ந்தால் வரிசையை நிறுத்திவிடுமாறு கப்ஸ் அமைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் திரும்பிய பின்னரும் பணிகள் தேங்கி நிற்கும். நிருவாகி வரிசையை மீண்டும் இயக்க வேண்டும். பிழைக் கொள்கையை "பணியை மீண்டும் முயல்க" என மாற்றினால் பணிகள் தாமாகவே தொடரும். வழங்கி, வலையமைப்பு சுவிட்ச் ஆகிய இரண்டையும் யுபிஎஸ் கருவியில் இணைக்க வேண்டும். லேசர் பொறி மிகுந்த மின்சாரம் இழுப்பதால் அதனைச் சிறு யுபிஎஸ் கருவியில் இணைத்தல் கூடாது.

பாதுகாப்பு

அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் முதல் ஒப்பந்தம் வரை அனைத்தும் அச்சு வழங்கி வழியாகவே செல்கின்றன. கப்ஸ் 2 பதிப்புகள் அச்சான கோப்புகளையும் இயல்பாக ஒரு நாள் வரை சேமித்து வைக்கின்றன. தேவையற்றோர் இதனை அணைத்து வைக்கலாம்.

2021-இல் விண்டோஸ் அச்சுச் சேவையில் "பிரிண்ட்நைட்மேர்" என்னும் கடும் குறைபாடு வெளிப்பட்டது. 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை நிரல்களிலும் தொலைவிலிருந்து ஊடுருவ வழிவகுக்கும் குறைபாடுகள் அறிவிக்கப்பட்டன. எனவே மென்பொருளை உடனுக்குடன் இற்றைப்படுத்துவதும், 631-ஆம் போர்ட்டை இணையத்திற்குத் திறந்துவிடாமல் இருப்பதும் இன்றியமையாதவை ஆகும்.