தொலைநோக்கித் துப்பாக்கியின் கதை

உள்ளான் என்பது நீர்நிலைகளின் ஓரம் திரியும் சிறு பறவை. வளைந்து வளைந்து பறக்கும் அதனைச் சுட்டு வீழ்த்துவது அரிது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஸ்னைப்’. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே அப்பறவை வேட்டையைக் குறித்து வழங்கிய சொல்லிலிருந்தே, மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரனுக்கு ‘ஸ்னைப்பர்’ என்னும் பெயர் வந்தது.

பெயர் பிரிட்டானியருடையது, ஆயினும் 1914 இல் முதல் உலகப் போர் மூண்டபோது, அக்கலையில் அவர்கள் பின்தங்கியே இருந்தனர். ஜெர்மானியரிடம் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் இருந்தன. பதுங்குகுழியில் தலை தூக்கிய பிரிட்டிஷ் வீரர்கள் குண்டடிபட்டு வீழ்ந்தனர். வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஹெஸ்கெத் பிரிச்சார்டு இந்நிலையை மாற்ற முனைந்து, 1916 இல் பிரான்சின் லிங்கெம் என்னும் ஊரில் பயிற்சிப் பள்ளியொன்றை அமைத்தார்.

பயிற்சி கிடைத்தது, கருவியிலோ குறை இருந்தது. அக்காலத் துப்பாக்கியில், ஐந்து தோட்டாக்கள் கோத்த கிளிப்பை மேலிருந்து செருக வேண்டும். அதற்கு வழிவிடும் பொருட்டுத் தொலைநோக்கியை இடப்பக்கம் ஒதுக்கிப் பொருத்தினர். இரும்புத் தகட்டின் சிறு துளை வழியே சுடுகையில், குழாய்க்கு வழி இருந்தும் பார்வைக்கு வழியில்லாது போயிற்று! போர் முடியும் தறுவாயில்தான், தொலைநோக்கியைக் குழாயின் நேர்மேலே தாங்கிய 1914 மாதிரித் துப்பாக்கி வந்தது.

அமைதி திரும்பியதும் இக்கலை புறக்கணிக்கப்பட்டது. 1939 இல் மீண்டும் போர் மூண்டபோது, பழைய துப்பாக்கிகளையே தேட வேண்டியதாயிற்று. பின்னரே ‘எண் 4 (டி)’ என்னும் துப்பாக்கி உருவாயிற்று. துல்லியமாகச் சுடுபவற்றை மட்டும் தேர்ந்து, செல்வர்களின் வேட்டைத் துப்பாக்கிகளுக்குப் பெயர்பெற்ற லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்திடம் 1942 முதல் ஒப்படைத்தனர். அவர்கள் இடப்பக்கத்தில் இரு தாங்குதளங்களைப் பதித்து, கைவிரலால் முடுக்கும் இரு திருகாணிகள் கொண்ட தாங்கியைப் பொருத்தினர். மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி அதன்மேல் அமர்ந்தது. கன்னத்தைச் சாய்க்க மரக்கட்டையும் சேர்த்தனர். கிளிப்பைச் செருக இயலாமையால் தோட்டாக்களை ஒவ்வொன்றாகவே இட வேண்டியிருந்தது. துல்லியத்திற்காக விரைவை விட்டுக்கொடுத்தனர்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கே உரிய தொலைநோக்கி. அதன் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறித்தனர். இணை பிரிந்தால் குறி தவறும் என்பதை அறிந்திருந்தனர்.

1970 இல் இத்துப்பாக்கிகள் பல புதிய குழாயுடன் மாற்றியமைக்கப்பட்டன. 1982 பாக்லாந்துப் போரிலும் அவை பயன்பட்டன. இம்முறை பழைய அறிவை எறிந்துவிடவில்லை.

அணிவகுத்து நின்ற படைகளுக்குப் பகைவன் ஒரு கூட்டம். தொலைநோக்கி வழியே பார்ப்பவனுக்கோ அவன் ஒரு முகம். இவ்வரலாற்றைப் படிக்கும் நாம், கருவியின் நுட்பத்தை வியக்கும்போது அம்முகத்தையும் மறத்தலாகாது.