கவரிங்கோடு வந்த அரிப்பு

“அக்கா, இந்தத் தோடு ஒத்துக்கலை. காது அரிச்சு நீர் வடியுது.” சிங்கப்பெருமாள் கோவிலில் நான் நடத்தும் வளையல் கடையில் இந்தக் குறையை அடிக்கடி கேட்கிறேன். பத்தராக இருந்த என் அப்பாவின் பட்டறையில் இதைக் கேட்டதே இல்லை.

அன்று காதுகுத்து என்றால், இல்லாத வீட்டிலும் குந்துமணித் தங்கம் தேடுவார்கள். அதுவும் முடியாதவர்கள், புண் ஆறும்வரை துளையில் வேப்பங்குச்சியைச் செருகி வைப்பார்கள். 22 காரட்டில் தங்கம் போக மீதி செம்பும் வெள்ளியும்தான். பச்சைப் புண்ணில் வேறு உலோகம் படவில்லை. அந்தப் பழக்கத்தின் அருமை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

சீனப் போர் முடிந்த கையோடு, 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். புது நகையை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. நாடு முழுக்கப் பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். 14 காரட் விதி 1966-ல் போனது. ஆனால் 1968-ல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. வேலையில்லாத நாட்களை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. விலையும் ஏற ஏற, தங்கம் இருந்த காதுகளுக்குச் சிதம்பரம் கவரிங் வந்தது, பிறகு அதைவிட மலிவான ஃபேன்சி நகை வந்தது.

கவரிங்கின் உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும். மலிவு நகைகள் பலவற்றில் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சும் உண்டு. முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் போய்ப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடம்பின் காவல் அணுக்கள் அதைப் பகையாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. புதிதாகக் குத்திய காதில்தான் இந்தப் பகை மிக எளிதாகத் தொடங்கும். அதன்பின் வாட்ச், ஜீன்ஸ் பட்டன் எது பட்டாலும் அரிக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

அரிப்பு உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்தே வரும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குப் போட்ட ஆரம் செவ்வாய்க்கிழமை அரித்தால் பழி கத்திரிக்காய்க்கும் கருவாட்டுக்கும்தான் போகிறது. “உடம்புச் சூடு” என்று பெண்ணின் உடம்பையே குற்றம் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பயமும் இருந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955-ல் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமானது. அந்தப் பெயர் தெரிந்த ஊர்களில், கழுத்து கறுத்தாலோ, ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றி வெளுத்தாலோ அம்மாக்கள் நடுங்கிப்போவார்கள். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறையும், அரிக்காது. நகையால் வருவதோ அரித்துக் கொல்லும். இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆளில்லாமல் பெண்களை வீட்டுக்குள் மறைத்து வைத்தார்கள்.

காரணத்தை உறுதிசெய்யும் வழி பழையது. 1895-ல் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் சந்தேகப்பட்ட பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையை அறிவித்தார். இன்றும் தோல் மருத்துவர்கள் முதுகில் நிக்கல் சல்பேட் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். அடுத்த சில நாட்களில் மறுபடியும் பார்ப்பார்கள். அந்த இடம் சிவந்து தடித்தால் நிக்கல்தான் காரணம். மோதிரத்தடியில் மட்டும் வரும் புண்ணுக்கு, அங்கே தேங்கும் சோப்பு நீரும் காரணமாகலாம். அதனால்தான் மருத்துவர் பாத்திரம் தேய்ப்பதைப் பற்றியும் கேட்கிறார்.

நகையையும் சோதிக்கலாம். டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலை அம்மோனியாவோடு பஞ்சில் தொட்டுக் கொக்கியைத் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும்.

டென்மார்க் 1990 வாக்கில் நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு வைத்தது. 1994-ல் ஐரோப்பிய ஒன்றியமும் பின்பற்றியது: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராம். அதன்பின் காது குத்திய டென்மார்க் சிறுமிகளிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது. இங்கே 2021 முதல் கட்டாயமான ஹால்மார்க் தங்கத்தின் தரத்தைச் சொல்லும், கவரிங்கின் உள்ளே இருப்பதைச் சொல்லாது. மறைமலைநகர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் வாங்குவது கவரிங்தான். அந்த நகையைக் குத்தி விற்கும் அட்டையிலும் உலோகத்தின் பெயர் அச்சாக வேண்டும்.