ஒரே நாளில் மதுரை: இல்லாத கோட்டையைச் சுற்றி ஒரு நடை

"மதுரைக்கு வர்றோம், ஒரு நாள்தான் இருக்கு, என்ன பாக்கலாம்?" வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் போன் செய்தாலும் இதுதான் கேள்வி. நம் பதிலும் ரெடியாக இருக்கும். காலையில் மீனாட்சி அம்மன் கோயில், மதியம் மகால், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. தப்பே இல்லை. ஆனால் அதே ஒரு நாளில், அதே இடங்களை ஒரு கோட்டையின் கதையாகவும் பார்க்கலாம். மதுரையில் ஏதுடா கோட்டை என்கிறீர்களா? விஷயமே அதுதான்.

அதற்கு முன்னால் வியன்னா வரை ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடுவோம். செலவு ஒன்றுமில்லை :-) 1857ல் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், வியன்னாவைச் சுற்றியிருந்த பழைய மதிலை இடிக்க உத்தரவு போட்டார். அந்த இடத்தில் வந்த அகலமான சாலைதான் ரிங்ஸ்ட்ராசே. 1865ல் திறந்தார்கள். இன்றைக்கு அந்த ஊருக்கு டூர் போகிறவர்கள் டிராமில் ஏறி அந்தச் சாலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதே காரியம் மதுரையில் அதற்கும் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. நம்முடைய ரிங்ஸ்ட்ராசேதான் வெளிவீதிகள். ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காலை வைக்கிறோமே, அதே மேலவெளி வீதிதான்!

கதை இதுதான். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலத்து மதிலை இடித்துவிட்டு, கோயிலை நடுவில் வைத்து ஊரைச் சுற்றிப் பெரிய கோட்டை கட்டினார். அதில் 72 கொத்தளங்கள், 72 பாளையக்காரர்களுக்கு ஆளுக்கொன்று என்று சொல்வார்கள். வெளியே அகழி. 1763லும் 1764லும் மருதநாயகம் என்ற யூசுப்கான் ஆங்கிலேயர் படையைத் தடுத்து நின்றது இந்தக் கோட்டைக்குள் இருந்துதான். கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவருடன் உள்ளே இருந்தவர்களே. 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதன் பிறகு சண்டை இல்லை, கோட்டைக்கு வேலையும் இல்லை. ஊர் நெருக்கியடித்தது, அகழித் தண்ணீர் தேங்கி நோய் பரப்பியது. பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதிலை இடிக்க முடிவு செய்தார். அவர் செய்த ஏற்பாடு காமர்ஸ் மாணவனான எனக்கு ரொம்பப் பிடித்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடமே கிடைக்கும் என்று அறிவித்தார். அரசாங்கம் கூலி கொடுப்பதற்குப் பதில் மனையைக் கொடுத்தது. 1830களின் கடைசியில் தொடங்கிய வேலை 1840களில் முடிந்தது. நில அளவைக்காரர் மாரட் பெயரில் மாரட் வீதி, வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. ஒரு மேஸ்திரிக்கு மன்னர்களுக்குச் சமமாகத் தெருப் பெயர் கிடைத்திருக்கிறது பாருங்கள்.

சரி, நடக்க ஆரம்பிப்போம். காலையில் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் போய், மிஞ்சியிருக்கும் கொத்தளத்தைப் பாருங்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகிற கல் அது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வந்து கோயிலில் முடியும். மதியம் நடை சாத்துவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். செல்போன் கொண்டுபோக முடியாது. 1559ல் எழுந்த, நான்கு வெளிக் கோபுரங்களில் உயரமான தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணினால் 985தான் வரும்.

கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது. விசுவநாதர் இடித்த பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல். இடிக்காமல் விட்டதால் விட்டவாசல் என்பார்கள். அங்கிருந்து தெற்கே வந்தால் விளக்குத்தூண். பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. ஜிகர்தண்டா குடிக்கிற சாக்கில் அதையும் ஒரு பார்வை பார்க்கலாம். பக்கத்திலேயே ஜவுளிக்கடைச் சந்துக்குள் பத்துத்தூண். சேலை பேரம் நடக்கிற இடத்துக்கு நடுவே பிரம்மாண்டமான கல்தூண்கள் தனியாக நிற்கும். ஒரு காலத்தில் அதுவரை அரண்மனை இருந்திருக்கிறது.

கடைசியாக மகால். 1636ல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நாம் பார்ப்பது கால்வாசிதான். பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் அந்நியர் யாருமில்லை, அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர். மீதியும் விழுந்துவிடாமல் 1866 முதல் 1872 வரை பழுதுபார்க்க வைத்தவர் சென்னை கவர்னர் நேப்பியர்.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பாண்டியர் மதிலை இடித்தவர் நாயக்கர். நாயக்கர் அரண்மனையைப் பிரித்தவர் அவர் பேரன். நாயக்கர் கோட்டையை இடித்தவர் வெள்ளைக்காரர், கூட நின்று கடப்பாரை பிடித்தது நம் ஊர்க்காரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. தேங்கிய அகழியை மூடியதை நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதை இடிக்கலாம், எதை விடலாம் என்று ஊரைக் கேட்டு யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

ஊர் வாய் திறந்து கேட்ட கதையும் உண்டு. இன்னொரு நாள் கிடைத்தால் மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்கள். தமிழி கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள மலைகள். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024ல் அதே பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராமத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த மலையும் இப்போது ஒரு விட்டவாசல்தான். ஆனால் இந்த முறை யாரோ போனால் போகிறதென்று விட்டது இல்லை, ஊரே சேர்ந்து விட வைத்தது.

அதனால் அடுத்த தடவை சொந்தக்காரர்கள் போன் செய்தால், கோயில், மகாலோடு அந்தப் பெரியார் நிலையத்துக் கொத்தளத்தையும் லிஸ்டில் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. பத்து நிமிடம் போதும்.