தொகுத்தலும் விரித்தலும்: அறிவியல் புனைகதைத் தொகுப்பாசிரியர் ஜூடித் மெரிலின் பணி

1. முன்னுரை

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் ஆகிய நான்கினைக் கூறுகிறது. தொகுப்பாசிரியரின் பணியையும் மொழிபெயர்ப்பாளரின் பணியையும் ஒரே இனமாக எண்ணிய இப்பாகுபாடு கருதத்தக்கது. தமிழில் தொகைநூல் மரபு தொன்மையானது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ எனவும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் உக்கிரப்பெருவழுதி எனவும் அறிகிறோம். நற்றிணையைப் பொறுத்தவரை, தொகுப்பித்த மன்னனின் பெயர் எஞ்சியுள்ளது. தொகுத்தவரின் பெயர் எஞ்சவில்லை. அடியளவு நோக்கிப் பாடல்களைப் பிரித்த அந்த அறிஞரின் உழைப்பின் பயனை நாம் துய்க்கிறோம். ஆனால் அவர் யாரென அறியோம்.

தொகுப்பாசிரியர் தம் பணியால் ஓர் இலக்கிய வகையின் எல்லையையே மாற்றக்கூடும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு ஆங்கில அறிவியல் புனைகதை வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. அவ்வகையில் 1956 முதல் ஆண்டுத் தொகைகளை வெளியிட்ட ஜூடித் மெரிலின் (1923–1997) பணியை மொழியியல், மொழிபெயர்ப்பியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முன்னோடித் தொகைகள்

அமெரிக்காவில் அறிவியல் புனைகதை இதழ்களின் வழியே வளர்ந்தது. 1926-இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், 'சயன்டிஃபிக்', 'ஃபிக்ஷன்' ஆகிய இரு சொற்களை ஒட்டி 'சயன்டிஃபிக்ஷன்' என்ற சொல்லை வழங்கினார். அது நிலைபெறவில்லை. 1920-களின் இறுதியிலிருந்து 'சயன்ஸ் ஃபிக்ஷன்' என்ற தொடரே வழக்கில் ஊன்றியது. மலிவுத் தாளில் அச்சான இவ்விதழ்கள் படித்தபின் எறியப்படுபவை. அவற்றில் வந்த கதைகள் நூலகத்தை அடைய ஒரே வழி தொகைநூலே.

1943-இல் டொனால்ட் வோல்ஹெய்ம் தொகுத்த 'த பாக்கெட் புக் ஆஃப் சயன்ஸ் ஃபிக்ஷன்' வெளிவந்தது. 1946-இல் கிராஃப் கான்க்ளின் தொகுத்த பெருந்தொகை ஒன்றும், ஹீலி, மெக்கோமஸ் ஆகிய இருவர் தொகுத்த 'அட்வெஞ்சர்ஸ் இன் டைம் அண்ட் ஸ்பேஸ்' என்னும் நூலும் வெளிவந்தன. 1949-இல் பிளெய்லர், டிக்டி இருவரும் ஆண்டுத் தொகை என்னும் முறையைத் தொடங்கினர். இவர்களது பணி பெரும்பாலும் இதழ்களில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டிக் காத்தலாகும். 'அறிவியல் புனைகதை எது?' என்ற வினா அவர்களுக்குப் பெரிதும் எழவில்லை. அவ்வகை இதழ்களில் வெளிவந்ததே அறிவியல் புனைகதை எனக் கொள்வது போதுமானதாக இருந்தது. இவ்வினாவைத் தம் பணியின் மையமாக்கியவர் மெரில்.

3. வாழ்வும் தொடக்கப் பணியும்

மெரில் 1923 ஜனவரி 21-ஆம் நாள் பாஸ்டன் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பிறந்த குடும்பத்தின் பெயர் கிராஸ்மன். தந்தையை இளமையிலேயே இழந்தார். பின்னர்க் குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற வாசகர் வட்டத்தின் தொடர்பு கிட்டியது. வோல்ஹெய்ம், ஐசக் அசிமோவ், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்புளூத், டேமன் நைட் முதலியோர் அவ்வட்டத்தைச் சார்ந்தவர்கள். 'மெரில்' என்பது தம் மூத்த மகளின் பெயர். அதனையே தம் புனைபெயராக அவர் ஏற்றார். பொதுவாகத் தந்தையின் பெயர் மக்களுக்கு வரும். இவரிடத்தில் மகளின் பெயர் தாய்க்கு வந்தது.

1948-இல் 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்' இதழில் அவரது முதல் அறிவியல் புனைகதை வெளிவந்தது. அணுக்கதிர்வீச்சின் விளைவாகக் குறையுடன் பிறந்த குழந்தையின் குறையைக் காணாத தாயைப் பற்றிய கதை அது. விண்கலமும் வேற்றுக்கோளும் இன்றி, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அறிவியலின் விளைவைக் காட்டியது அதன் புதுமை. 1950-இல் வெளிவந்த 'ஷேடோ ஆன் த ஹார்த்' என்னும் புதினமும் அணுப்போரை ஓர் இல்லத்தரசியின் நிலையிலிருந்து காட்டுவதே. அதே ஆண்டில் அவர் தொகுத்த முதல் நூலான 'ஷாட் இன் த டார்க்', அவர் முன்னர்ப் பணியாற்றிய பேண்டம் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஆக, படைப்பாசிரியராகவும் பதிப்புத்துறை அறிந்தவராகவுமே அவர் தொகுப்புப் பணிக்கு வந்தார்.

4. ஆண்டுத் தொகைகள்

1956-இல் தொடங்கிய ஆண்டுத் தொகைகள் 1968 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. முதல் தொகுதிக்கு அணிந்துரை எழுதியவர் திரைக்கலைஞர் ஆர்சன் வெல்ஸ். இத்தொகைகளில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, கதைகளைத் தேடிய பரப்பு. அறிவியல் புனைகதை இதழ்களோடு நில்லாமல், பொது இதழ்கள், இலக்கிய இதழ்கள் ஆகியவற்றிலிருந்தும் அவர் கதைகளை எடுத்தார். ஜான் ஸ்டைன்பெக் போன்ற பொது இலக்கிய ஆசிரியர் இத்தொகைகளில் இடம்பெற்றார். 1966-ஆம் ஆண்டுத் தொகுதியில் ஸ்பானிய மொழியிலிருந்து பெயர்க்கப்பட்ட ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸின் கதையும் இடம்பெற்றது. மொழிபெயர்ப்புக் கதையொன்று ஆங்கிலக் கதைகளோடு ஒரே நிரையில் நிற்பதை அவர் இயல்பானதாகக் கொண்டார்.

இரண்டாவது, கதைதோறும் அமைந்த முகவுரை. ஆசிரியரைப் பற்றியும், முன்கதைக்கும் பின்கதைக்கும் உள்ள உறவைப் பற்றியும் அவர் சிறு குறிப்புகள் எழுதினார். இக்குறிப்புகளால் தனித்தனிக் கதைகள் தொடர்ந்ததோர் உரையாடலின் பகுதிகளாயின. பழந்தமிழ்த் தொகைகளின் துறைக் குறிப்புகள் பாடலை வாசிக்கும் நெறியை வரையறுப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

மூன்றாவது, ஆண்டு மதிப்பீடும், தொகையில் இடம்பெறாத சிறந்த கதைகளின் பட்டியலும். தாம் விட்டவை எவை என்பதை வாசகருக்கு அறிவிப்பது தொகுப்பாசிரியரின் நேர்மைக்குச் சான்றாகும்.

இத்தேர்வுமுறை எதிர்ப்பின்றி அமையவில்லை. பிந்தைய தொகுதிகளில் அறிவியலே இல்லாத கதைகள் மிகுந்துவிட்டன என்று வாசகரில் ஒரு சாரார் குறைகூறினர். இக்குறைகூறலில் உண்மை இல்லாமலில்லை. ஒரு வகைப்பெயரை அட்டையில் தாங்கிய நூல், அப்பெயரால் வாசகர் எதிர்பார்ப்பதைத் தருதல் வேண்டும் என்பது நியாயமே. எனினும் அப்பெயரின் பொருள் யாது என்பதே அன்று வழக்கிலிருந்த சிக்கல்.

5. பெயரும் பொருளும்

இச்சிக்கலை மெரில் இரு வழிகளில் எதிர்கொண்டார். ஒன்று, 'எஸ்.எஃப்.' என்னும் எழுத்துக்குறுக்கத்தைத் தலைப்பில் முதன்மைப்படுத்தியது. முதலெழுத்து 'சயன்ஸ்' என்பதையும் 'ஸ்பெகுலேட்டிவ்' என்பதையும் குறிக்கலாம். இரண்டாமெழுத்து 'ஃபிக்ஷன்' என்பதையும் 'ஃபேண்டஸி' என்பதையும் குறிக்கலாம். குறுக்கம் பொருளை மறைக்கும் என்பது பொதுக்கருத்து. இங்கோ குறுக்கமே பொருளை விரிவாக்கும் கருவியாயிற்று.

மற்றொன்று, 1966-இல் எழுதிய கட்டுரை. அதன் தலைப்பு 'சயன்ஸ்', 'ஃபிக்ஷன்' ஆகிய இரு சொற்களையும் தனித்தனியே வினாக்குறியிட்டுப் பிரிப்பது. அதில் அவர் இவ்வகைக் கதைகளை மூன்றாகப் பகுத்தார்: அறிவியலைக் கற்பிக்கும் கதை, அறிவுறுத்தும் அல்லது எச்சரிக்கும் கதை, ஊகப் புனைவு. மூன்றாவது, ஒரு கருதுகோளைத் தாளின்மேல் சோதித்துப் பார்த்து உலகையும் மனிதனையும் பற்றி அறிய முயல்வது. 'ஊகப் புனைவு' என்னும் தொடரை 1947-இலேயே ராபர்ட் ஹெய்ன்லைன் பயன்படுத்தியிருந்தார். அதற்கு விரிந்த பொருளையும் பரவலான வழக்கையும் ஈட்டித் தந்தவர்களுள் மெரில் முதன்மையானவர் எனலாம்.

தமிழ் இலக்கண நோக்கில் இதனை எளிதில் விளக்கலாம். 'தொகை' என்னும் சொல் நூல்தொகுதியையும் குறிக்கும். உருபு தொக்கு நிற்கும் சொற்றொடரையும் குறிக்கும். 'அறிவியல் புனைகதை' என்பது அத்தகைய தொகையே. அறிவியலைக் கற்பிக்கும் புனைகதை என விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அறிவியலால் இயலும் புனைகதை என விரித்தால் மூன்றாம் வேற்றுமை. அறிவியலும் புனைகதையும் என விரித்தால் உம்மைத்தொகை. கெர்ன்ஸ்பேக் காலத்து நோக்கம் முதல் விரிவைச் சார்ந்தது. மெரில் தம் தலைப்பில் இரு சொற்களையும் பிரித்து வினவியது, தொக்கு நின்ற உறவு யாதென விரித்துக் காட்டுமாறு கேட்டதேயாகும்.

6. இலண்டனும் டொராண்டோவும்

1960-களின் இடையில் மெரில் இலண்டன் சென்றார். அங்கு மைக்கேல் மூர்காக்கை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த 'நியூ வேர்ல்ட்ஸ்' இதழைச் சுற்றிப் 'புதிய அலை' எனப்பட்ட எழுத்தியக்கம் உருவாகியிருந்தது. அவ்வெழுத்துகளைத் தொகுத்து 1968-இல் அமெரிக்காவில் 'இங்கிலாந்து ஸ்விங்ஸ் எஸ்.எஃப்.' என்னும் நூலை வெளியிட்டார். ஜே. ஜி. பல்லார்ட், பமேலா ஸோலின் முதலியோரின் கதைகள் அதில் அடங்கும். ஒரே மொழியின் இரு நாட்டு வழக்குகளுக்கிடையிலும் இடைநிலையாளர் ஒருவர் தேவைப்பட்டார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

வியட்நாம் போரையும், 1968-இல் சிகாகோவில் போர் எதிர்ப்பாளர்மீது நிகழ்ந்த அடக்குமுறையையும் வெறுத்து அவர் அமெரிக்காவை நீங்கிக் கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறினார். 1970-இல் தம் நூல்களையும் இதழ்களையும் அந்நகரப் பொது நூலகத்துக்கு வழங்கினார். சுமார் 5,000 உருப்படிகளைக் கொண்ட அக்கொடையிலிருந்து தோன்றிய நூலகப்பிரிவு, பின்னர் அவர் வாழ்நாளிலேயே 'மெரில் தொகுப்பு' எனப் பெயர்பெற்றது. தொகைநூலாசிரியரின் இறுதித் தொகை ஒரு நூலகம் ஆயிற்று.

1985-இல் அவர் தொகுத்த 'டெஸரக்ட்ஸ்' கனடிய அறிவியல் புனைகதைத் தொகை வரிசையொன்றின் முதல் நூல். கனடா இருமொழி நாடாதலின், பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்ட கதைகளும் அதில் இடம்பெற்றன.

7. ஜப்பானிய முயற்சி

மொழிபெயர்ப்பாளர்களுக்கு மிகுந்த படிப்பினை தருவது அவரது ஜப்பானிய முயற்சியே. 1970-இல் ஜப்பானில் நடைபெற்ற பன்னாட்டு அறிவியல் புனைகதைக் கருத்தரங்கில் அவர் கலந்துகொண்டார். 1972-இல் மீண்டும் அங்குச் சென்று சில மாதங்கள் தங்கி, யானோ டெட்சு முதலிய மொழிபெயர்ப்பாளர்களோடு இணைந்து ஜப்பானியக் கதைகளை ஆங்கிலமாக்கும் பணியில் ஈடுபட்டார். அவர் ஜப்பானிய மொழியில் புலமை பெற்றவரல்லர். மூலத்தை அறிந்தவர் ஆங்கிலத்தில் பொருளுரைக்க, ஆங்கில நடையறிந்தவர் தொடராக்கும் கூட்டுமுறை அது.

இம்முறையின் இடர்ப்பாடுகளை மொழியமைப்பே காட்டும். ஜப்பானிய மொழியில் எழுவாய் பெரும்பாலும் தோன்றாது. வினைமுற்றும் திணை, பால், எண், இடம் காட்டாது. தமிழில் எழுவாய் தோன்றாவிடினும் வினைமுற்று அவற்றைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ எழுவாய் இன்றியமையாதது. எனவே மூலம் சொல்லாமல் விட்டதை ஆங்கிலம் சொல்லியே ஆகவேண்டும். தன்மைப் பெயரில் 'வதாஷி', 'போகு', 'ஒரே' எனப் பேசுவோரின் நிலைக்கேற்ப வேறுபடும் வடிவங்கள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். ஓரிடத்தில் மிகுதியும் மற்றோரிடத்தில் குறைவும் நேர்கிற இத்தகைய பணியில், இருமொழியாளர் இருவர் எதிரெதிர் அமர்ந்து சொல்தோறும் வினவுவதைத் தவிர வேறு வழியில்லை.

வகைப்பெயரிலும் ஓர் ஒப்புமை உண்டு. 'கற்பனை அறிவியல் புதினம்' எனப் பொருள்படும் நெடுந்தொடர் ஜப்பானிய மொழியில் இருந்தும், 'எஸ்.எஃப்.' என்னும் ஆங்கிலக் குறுக்கமே அங்கு வழக்கூன்றியது. விரியாத குறுக்கம் எளிதில் எல்லை கடந்தது.

திட்டமிட்ட ஜப்பானியத் தொகை மெரிலின் பெயரால் வெளிவரவில்லை. அவர் பங்கேற்ற மொழிபெயர்ப்புகளுட் சில பின்னர்ப் பிறருடைய தொகைகளில் இடம்பெற்றன. 1989-இல் ஜான் அப்போஸ்தலோ, மார்ட்டின் கிரீன்பர்க் ஆகியோர் வெளியிட்ட ஜப்பானியக் கதைத்தொகை அவற்றுள் ஒன்று. உழைப்பு ஒருவருடையதாகவும் அட்டைப்பெயர் மற்றொருவருடையதாகவும் அமைவது மொழிபெயர்ப்பு உலகில் புதிதன்று.

8. இந்தியச் சூழல்

இந்திய மொழிகளின் அறிவியல் புனைகதைகளை ஒருங்கே கொண்ட தொகையாகப் பால் ஃபோண்ட்கே தொகுத்த 'இட் ஹேப்பண்ட் டுமாரோ' 1993-இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. மராத்தி, கன்னடம் முதலிய மொழிக் கதைகளோடு தமிழிலிருந்து சுஜாதாவின் கதையும் அதில் உண்டு. ஜயந்த் நார்லிகரின் மராத்திக் கதையைத் தமிழ் வாசகரும், சுஜாதாவின் கதையை மராத்தி வாசகரும் ஆங்கிலத்தின் வழியே ஒரே நூலில் சந்தித்தனர். இவ்வகைத் தொகைகளில் இடைமொழியின் பங்கு பெரிது. மெரிலின் ஜப்பானிய முயற்சி, இரு மொழிக்காரர் நேரில் அமர்ந்து உழைக்கும் பட்டறை முறையே அதற்கு மாற்று என்பதைக் காட்டுகிறது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையே அத்தகைய பட்டறை, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் இடையே அமைவதைவிட எளிதே.

9. முடிவுரை

மெரில் 1997 செப்டம்பர் 12-ஆம் நாள் டொராண்டோவில் காலமானார். அவர் முடிக்காது விட்ட தன்வரலாற்றை அவர் பேத்தி எமிலி போல்-வியரி நிறைவுசெய்து 2002-இல் வெளியிட்டார். அந்நூல் 2003-இல் ஹியூகோ விருது பெற்றது. தொகுப்புப் பணியில் மூழ்கிய பின்னர் மெரில் எழுதிய கதைகள் மிகச் சில. பிறர் கதைகளுக்கு இடமளித்தவர் தம் கதைகளுக்குக் காலம் ஒதுக்க இயலவில்லை என்பது அப்பணியின் விலை.

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. தேர்வு என்பது வகைப்பெயருக்குப் பொருள் வரையறுக்கும் செயல். எனவே தேர்வின் அளவுகோலைத் தொகுப்பாசிரியர் வெளிப்படக் கூறுதல் வேண்டும். மொழிபெயர்ப்புக் கதை எம்மொழியிலிருந்து, எவ்விடைமொழி வழியாக, எவரால் பெயர்க்கப்பட்டது என்பது தொகையில் பதிவாதல் வேண்டும். வெளிவராத முயற்சிகளும் மொழிபெயர்ப்பு வரலாற்றின் பகுதியாதலின் அவையும் எழுதப்படுதல் வேண்டும். இவை பேணப்படாவிடின், நற்றிணையைத் தொகுத்த புலவருக்கு நேர்ந்ததே நம் காலத்துத் தொகுப்பாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் நேரும்.