வீட்டு இசைப்பதிவு மென்பொருளும் பழைய கோப்பின் ஆயுளும்

வீட்டு இசைப்பதிவு மென்பொருள் என்பது ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்லாமல், ஒரு கணினியையும் ஒலிவாங்கியையும் கொண்டு, பாட்டையும் வாத்தியங்களையும் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, திருத்தி, கலந்து எடுக்க உதவும் நிரலாகும். கியூபேஸ், லாஜிக், கேக்வாக், ஆடாசிட்டி, ரீப்பர், ஆர்டர் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. ஒரு பதிப்பில் உருவாக்கிய கோப்பை அடுத்தடுத்த பதிப்புகள் குறைவின்றித் திறப்பது பின்னோக்கிய ஒத்தியைவு எனப்படும். இந்த ஒத்தியைவு எங்கெல்லாம் காக்கப்பட்டது, எங்கெல்லாம் முறிந்தது என்பதே கடந்த 40 ஆண்டுகால வீட்டு இசைப்பதிவு வரலாற்றின் பெரும்பகுதி.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரும், அதைச் சூழ்ந்து கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலமும் இவ்வரலாற்றுக்குத் தொலைவானவை போலத் தோன்றலாம். ஆனால் அம்மன் கோயில் பொங்கலிலும் கொடையிலும் விடிய விடியப் பாடப்படும் வில்லுப்பாட்டு, ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்துக்கு முழங்கும் தேவதுந்துபி, கும்மி, ஒப்பாரி என இப்பகுதியின் இசையில் பெரும்பங்கு எழுத்தில் இல்லாதது. பாடியவர் போனால் பாட்டும் போய்விடும். இத்தகைய இசையைப் பொறுத்தவரை கோப்பு திறக்கவில்லை என்பது தொழில்நுட்பச் சிக்கலோடு நிற்பதில்லை.

எட்டயபுரத்து முன்மாதிரி

கணினிக்கு வெகுமுன்பே இசையைப் பதிந்து வைக்கும் முயற்சி ஒன்று இதே கரிசலில் நடந்தது. முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் மரபில் வந்து எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். நூல் தெலுங்கில் அமைந்தது. எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சானது. கர்நாடக இசையை ஐரோப்பியக் குறிமானத்தில் எழுதி வெளியிட்டுவந்த சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் அரண்மனையின் பொருளுதவியும் இல்லாவிடில் இந்த நூல் வந்திருக்காது. 1906இல் சுப்பராம தீட்சிதர் காலமானார்.

இந்நூலின் சிறப்பு, சுரங்களோடு நில்லாமல் கமகங்களையும் தனிக்குறிகளால் காட்டியது. ஒவ்வொரு குறிக்கும் என்ன பொருள், அதை எப்படிப் பாட வேண்டும் என்ற விளக்கமும் நூலுக்குள்ளேயே உண்டு. அதனால்தான் அச்சகமும் சமஸ்தானமும் மறைந்த பின்னும் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் அதைத் தமிழில் பல தொகுதிகளாகக் கொண்டுவர முடிந்தது. ஒரு கோப்பு வடிவம் தன்னைத் திறக்கும் சாவியைத் தன்னோடே வைத்திருந்தால் நெடுநாள் வாழும் என்பதற்கு மென்பொருள் உலகில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. எழுத்துக் குறிமானம் குரலின் தன்மையைக் காட்டாது என்பது வேறு செய்தி.

மிடியும் முதல் வீட்டுக் கணினிகளும்

வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மிடி என்ற பொதுவிதி 1983இல் வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களான சீக்வென்ஷியல், ரோலண்டு ஆகியவற்றின் கீபோர்டுகள் ஒரே கம்பியால் இணைத்துக் காட்டப்பட்டன. 1988இல் மிடிக் கோப்பு வடிவமும் வரையறுக்கப்பட்டது. 2020இல் மிடி 2.0 அறிவிக்கப்பட்டபோதும் பழைய கருவிகள் தொடர்ந்து இயங்குமாறே அது வடிவமைக்கப்பட்டது. 1980களின் கீபோர்டை இன்றைய மடிக்கணினியோடு இணைத்து வாசிக்க முடிகிறது. கணினித் துறையில் இவ்வளவு நீண்ட ஒத்தியைவு அபூர்வம்.

தமிழில் கணினி இசைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படம். இளையராஜா அதில் யமகா நிறுவனத்தின் சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். அது எம்எஸ்எக்ஸ் வகையைச் சேர்ந்த வீட்டுக் கணினி. மென்பொருள் செருகுபெட்டியாக வரும். இன்று அந்த இசைநிரலைத் திறக்க வேண்டுமானால் அதே இயந்திரமோ அதைப் போலிசெய்யும் நிரலோ வேண்டும். பாடல்கள் பிழைத்திருப்பதற்குக் காரணம், அவை ஒலிநாடாவில் கலந்து முடிக்கப்பட்டு இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் வெளிவந்ததுதான். முடிந்த ஒலியும் அதை உருவாக்கிய திட்டக்கோப்பும் இருவேறு பொருள்கள். முதலாவது கேட்பதற்கு, இரண்டாவது திருத்துவதற்கு. வீட்டில் பதிவு செய்பவர்களில் பலர் இரண்டாவதை மட்டும் சேமித்து, முதலாவதைச் சேமித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இன் ‘ரோஜா’வுக்குப் பிறகு, வீட்டோடு ஒட்டிய சிறு கூடத்திலிருந்தும் திரையிசை வரலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை பரவியது.

முறிந்த பாலங்கள்

ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் 1989இல் அட்டாரி எஸ்டி கணினியில் தொடங்கியது. 2002இல் கியூபேஸ் எஸ்எக்ஸ் என்ற பெயரில் அது புதிதாக எழுதப்பட்டது; கோப்பு வடிவமும் மாறியது. பழைய கோப்புகளை இறக்கிக்கொள்ளும் வசதி எஸ்எக்ஸ் 3 வரை இருந்தது, கியூபேஸ் 4 முதல் இல்லை. ஆகவே 1990களின் பாடல் ஒன்றை இன்று திறக்க விரும்புபவர், முதலில் எஸ்எக்ஸ் ஓடும் பழைய கணினியைத் தேடி, அதில் திறந்து மாற்றி, பிறகே புதியதற்கு வர வேண்டும். ஆற்றின் நடுவே ஒரே ஒரு கல் மட்டும் கிடப்பது போன்ற நிலை.

லாஜிக்கின் கதை வேறு. அதை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002 ஜூலையில் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரோடு விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. மென்பொருளில் பழுதில்லை, கோப்பில் பழுதில்லை. உரிமையாளர் மாறினார், அவ்வளவுதான். 1987இல் தொடங்கிய கேக்வாக்கின் வளர்ச்சிப் பணியை அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் 2017 நவம்பரில் நிறுத்தியது. வாழ்நாள் இலவச மேம்பாடு என்று நம்பிப் பணம் கட்டியிருந்தவர்களும் இதில் அகப்பட்டனர். மூன்று மாதத்தில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகவே வழங்கியது எதிர்பாராத திருப்பம். இவ்வளவு அலைக்கழிப்பிலும் கேக்வாக்கின் பழைய கோப்பு வடிவங்களைப் பின்வந்த பதிப்புகள் திறந்தன என்பதைக் குறிப்பிட வேண்டும்.

ஆடாசிட்டி

வசதி குறைந்த வீடுகளிலும் கல்லூரிகளிலும் அதிகம் புழங்குவது ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகியோரால் தொடங்கப்பட்டு 2000இல் வெளியான கட்டற்ற மென்பொருள் இது. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியவர்களில் மிகப்பலர் இதன் வழியாகவே மாற்றினர்.

2021 வரை இதன் திட்டம் இரு பகுதிகளாகச் சேமிக்கப்பட்டது: ஏயுபி என்ற நீட்சி கொண்ட சிறிய கோப்பு ஒன்று, ஒலித்துண்டுகள் நிறைந்த கோப்புறை ஒன்று. உண்மையான ஒலி அனைத்தும் கோப்புறையில் இருந்தது. ஒரு துண்டு ஏறத்தாழ ஒரு எம்பி. ஒரு மணி நேர இருதடப் பதிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கும். ஏயுபி கோப்பை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு, கணினியைத் துடைத்துவிட்டவர்கள் உலகெங்கும் உண்டு. கையில் எஞ்சியது சில கேபி அளவுள்ள பட்டியல் மட்டுமே. கோப்புறையின் பெயரை மாற்றினாலும் இதே கதிதான்.

2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பு, எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளக் கோப்பாக்கி ஏயுபி3 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. புதிய பதிப்பு பழைய திட்டங்களைத் திறந்து மாற்றிக்கொள்ளும். பழைய பதிப்பால் புதியதைத் திறக்க இயலாது. பழைய கணினியில் 2.4 பதிப்போடு நிற்கும் ஒருவருக்கு நண்பர் ஏயுபி3 அனுப்பினால் பயனில்லை. இருந்தாலும் பழைய முறையால் நேர்ந்த இழப்புகளை நினைத்தால் இம்மாற்றம் சரியானதே.

இதே ஆண்டுகளில் வேறு வழியைப் பிடித்தது ரீப்பர். வினாம்ப் இசைப்பானை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் எழுதி 2006இல் முதல் முழுப்பதிப்பாக வெளிவந்த இதன் திட்டக்கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. மென்பொருளே இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து, எந்தத் தடத்தில் எந்த ஒலி எந்த நொடியில் வருகிறது என்று படித்துக்கொள்ளலாம். எட்டயபுரத்து வழியும் இதுவே.

விடியும்வரை பாடினால்

ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் வடிவம் 1991இல் மைக்ரோசாப்ட், ஐபிஎம் நிறுவனங்களால் வரையறுக்கப்பட்டது. இன்றும் எல்லா மென்பொருளும் அதைத் திறக்கும். ஆனால் கோப்பின் அளவைக் குறிக்க அதில் 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டதால், 4 ஜிபிக்கு மேல் ஒரு வேவ் கோப்பு வளர இயலாது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட், இருதடம் என்ற அளவில் பதிந்தால் நொடிக்கு 2,88,000 பைட் சேரும். எல்லையை எட்ட ஏறக்குறைய 4 மணி நேரம். அளவைத் தவறாகக் கணக்கிடும் சில பழைய நிரல்களில் 2 ஜிபியே எல்லை, அதாவது சுமார் 2 மணி நேரம்.

நான்கு நிமிடத் திரைப்பாட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இரவு பத்து மணிக்குக் காப்புப் பாடித் தொடங்கி விடியலில் வாழ்த்துப் பாடி முடிக்கும் வில்லுப்பாட்டுக்கோ, கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில் எல்லை குறுக்கிடும். நல்ல பதிவுக்கருவி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும். மோசமான மென்பொருள் தொடர்ந்து பதிவதாகக் காட்டிவிட்டு, தலைப்பகுதியில் தவறான அளவை எழுதி, திறக்க மறுக்கும் கோப்பை விட்டுச்செல்லும். ஒலி உள்ளே இருக்கும். வாசல் மட்டும் அடைந்திருக்கும். அத்தகைய கோப்பைக் கச்சா ஒலியாக இறக்கிக்கொள்ளும் வசதி ஆடாசிட்டியில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்த எல்லையைக் கடக்க ஆர்எஃப்64 என்ற நீட்டித்த வடிவம் பின்னர் வந்தது.

மின்சாரம் போவது இன்னொரு சோதனை. 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டின்போது, மேசைக் கணினியில் பதிந்த ஊர்க்காரர்களுக்கு மென்பொருளின் தரம் என்பது எத்தனை விளைவொலிகள் உண்டு என்பதல்ல. கரண்ட் வந்த பிறகு பாதியில் நின்ற பதிவை மீட்டுத் தருகிறதா என்பதுதான்.

செருகுநிரல்களும் பூட்டுகளும்

திட்டக்கோப்பு திறந்தாலும் பாட்டு பழையபடி ஒலிக்கும் என்று சொல்ல இயலாது. எதிரொலி, மென்வாத்தியம் போன்றவற்றைத் தரும் செருகுநிரல்கள் தனி நிறுவனங்களின் படைப்புகள். இவற்றுக்கான விஎஸ்டி விதியை ஸ்டைன்பெர்க் 1996இல் கொண்டுவந்தது. மூன்றாம் தலைமுறை 2008இல் வந்தது. இரண்டாம் தலைமுறைக்கான உருவாக்கக் கருவிகளை வழங்குவது 2018இல் நிறுத்தப்பட்டது. 2019இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32 பிட் நிரல்களை முற்றிலும் கைவிட்டபோது, மேம்படுத்தப்படாத செருகுநிரல்கள் ஒரே நாளில் ஊமையாயின. நாகசுரமும் உறுமியும் நேரில் வாசித்துப் பதியப்பட்ட தடங்களுக்கு இதனால் கேடில்லை. கீபோர்டில் மென்வாத்தியமாக ஒலித்தவைதான் காணாமல் போகின்றன. அவற்றில் எஞ்சுவது மிடிக் குறிப்பு மட்டும்.

திருட்டுப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமப் பூட்டும் ஆயுளைக் குறைக்கிறது. ஸ்டைன்பெர்க்கின் பழைய பதிப்புகள் சார்ந்திருந்த ஈலைசென்சர் சேவை 2025 மேயில் மூடப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளே ஆனாலும், புதிய கணினியில் உரிமத்தை மீட்டெடுக்கும் வழி அதோடு அடைபட்டது. இணைய அனுமதி தேவையில்லாத மென்பொருளுக்கே நெடுங்காலப் பதிவுப்பணியில் முதலிடம் தர வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல்

யூனிகோடு பரவுமுன் பதிவுகளின் பெயர், பாடியவர், ஊர், கதை ஆகிய குறிப்புகள் பாமினி, தாம், தாப் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒலி நன்றாகக் கேட்கிறது, பாடுபவர் யார் என்று தெரியவில்லை என்ற நிலை இதனால் எழுகிறது. தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழைய குறிப்புகளை மாற்றித்தரும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் தட்டச்சிட்டது என்று அறிந்தவர் இருக்கும்போதே மாற்றிக்கொள்வது எளிது.

காப்பகங்களின் நடைமுறை

1982இல் தொடங்கப்பட்டு இன்று குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகமும், தென்மாவட்ட வழக்காறுகளைத் திரட்டிவரும் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையமும் களப்பதிவுகளைப் பேணும் நிறுவனங்கள். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், குறைந்தது 48,000 மாதிரி, 24 பிட் அளவில் வேவ் வடிவத்தில் சேமிக்குமாறு பரிந்துரைக்கிறது. எந்த மென்பொருளின் திட்டக்கோப்பையும் அது பாதுகாப்பு வடிவமாகக் கொள்வதில்லை.

வீட்டில் பதிபவர்களிடமும் இதே பழக்கம் பரவிவருகிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசிவரை ஒரே நீளமுள்ள வேவ் கோப்பாக எடுத்து, வேகம், சுருதி, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை ஓர் எழுத்துக் கோப்பில் எழுதி ஒன்றாக வைக்கிறார்கள். எல்லாத் தடங்களும் ஒரே இடத்தில் தொடங்குவதால், எந்த மென்பொருளில் அடுக்கினாலும் பாட்டு தானே பொருந்திக்கொள்ளும். ஆறு தடங்களில் ஒரு மணி நேரக் கும்மிப் பதிவு, ஒவ்வொன்றும் ஒற்றைத்தடமானால், 3 ஜிபியைச் சற்றுத் தாண்டும். இன்றைய பென் டிரைவ் ஒன்றில் அத்தகைய பதிவுகள் பத்துக்கு மேல் அடங்கும். இரண்டு பென் டிரைவ்களை இரு வேறு வீடுகளில் வைக்கலாம்.