உதிர்ந்துகொண்டே இருந்த அத்தி

ஃப்ரெஸ்னோவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அத்தி காலிமிர்னா ரகம். ஆகஸ்டு பிறந்துவிட்டால் பழத்தின் வாயில் தேன் துளிர்த்து நிற்கும். அந்தச் சுவைக்கு ஆசைப்பட்டு ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கையும் அதே ரகத்தில் ஒரு கன்று வாங்கி நட்டாள். ஐந்தாம் வருஷம் கிளை கொள்ளாமல் காய்த்தது. கோலிக்குண்டு அளவு வந்ததும் அத்தனையும் உதிர்ந்தன. "மண்ணா அண்ணா, தண்ணியா?" என்று போனில் கேட்டபோது குரல் கம்மியிருந்தது.

இதே கேள்வியைக் கலிஃபோர்னியாவும் ஒரு காலத்தில் கேட்டது. 1880-களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றின் நிர்வாகி ரிக்ஸ்ஃபோர்ட், துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து சுமார் 14,000 அத்திப் போத்துகளை வரவழைத்தார். அந்த ஊர் இன்று இஸ்மிர். கோடை வெயிலும் வறண்ட காற்றும் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான். மரங்கள் செழித்தன, காய் மட்டும் நிற்கவில்லை. உதவாத போத்தைத் துருக்கியர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது.

ஸ்மிர்னா பக்கத்து விவசாயிகள் எதையும் மறைக்கவில்லை. ஜூன் மாதம் ஆண் அத்தியின் காய்களைக் கோத்து, பழ மரத்தில் தொங்கவிடுவது அவர்கள் வழக்கம். அந்தக் காய்களிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் குளவி மகரந்தத்தோடு வெளிவந்து, ஸ்மிர்னாக் காயின் வாய்த்துளையில் நெருக்கி நுழையும். நுழையும்போதே சிறகு ஒடிந்துவிடும். 'அத்தி பூத்தாற்போல' என்று அருமைக்குச் சொல்கிறோம். உண்மையில் ஒவ்வொரு காய்க்குள்ளும் நூற்றுக்கணக்கில் பூக்கள். நம் நாட்டு அத்தியைப் பிட்டு உள்ளே பூச்சியைப் பார்த்த எவருக்கும் இது வியப்பாக இராது. கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழக்கத்தை எழுதிவைத்தார். ஆனாலும் கலிஃபோர்னியாவில் பலர் அதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள். கைமேல் இருந்த அனுபவத்தை மதிக்காததற்கு விலை ஏறத்தாழ இருபது ஆண்டு உதிர்ந்த காய்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அதுதான்.

ஃப்ரெஸ்னோவின் ரோடிங் குடும்பம் 1886-இல் ஸ்மிர்னாவுக்கே ஆள் அனுப்பி, பழ அத்தி, ஆண் அத்தி இரண்டின் போத்துகளையும் கொண்டுவந்தது. 1890-இல் ஜார்ஜ் ரோடிங் தன் கையாலேயே மகரந்தத்தைக் காய்க்குள் செலுத்தினார். அப்படிச் செய்த காய்கள் பழுத்தன. 1899-இல் அமெரிக்க வேளாண் துறையின் வால்ட்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் ரோடிங்கின் தோட்டத்தில் குடியேறின. கலிஃபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் சேர்த்து, காலிமிர்னா என்று பெயர் வைத்தவரும் ரோடிங்தான்.

குளவி வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் இந்தப் பழம் வெடித்துவிடும். குளவி குளிர்காலத்தைக் கழிக்க ஆண் அத்தியில் காய் தங்கியிருக்க வேண்டும். கடும் உறைபனியில் அந்தக் காய் கருகினால் குளவியும் போயிற்று.

ஹூஸ்டனில் அந்தக் குளவியே இல்லை. தங்கையிடம் செலஸ்ட் ரகம் நடச் சொன்னேன். அது குளவி இல்லாமலே பழுக்கும். அத்திக் கன்று வாங்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பழத்தின் ருசியை விசாரிக்கும் முன், அதற்குக் குளவி வேண்டுமா என்று கேளுங்கள்.